ரத்னவேல் உடைத்த ரவா லட்டு

எங்கே போய் நின்றாலும் தான் யார் கண்ணிலும் படமாட்டோம் என்று ரத்னவேலுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஐம்பதைத் தாண்டிய வயது, முன்வழுக்கை, வலது பக்கம் சாய்ந்த நடை, ஊதா நிறத் தொப்பி. அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டால் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிடுவதாக அவர் நினைத்தார். ஃபேரர் பார்க்கில் பூ கட்டுகிறவரும் பரோட்டா போடுகிறவரும் அந்தத் தொப்பியைத் தூரத்தில் பார்த்ததுமே, "என்னண்ணே, இன்னிக்கு யாரைப் பிடிக்கப் போறீங்க?" என்று கேட்பார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, யாரும் கவனிக்காத மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். துப்பறிகிற ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆனால் கொண்டோமினியம் ஒன்றில் காவலாளியாக இருந்த காலத்திலேயே அது முற்றிவிட்டது. எந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தத் தம்பதி லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள் என்பதையெல்லாம் கேட்காமலேயே நிர்வாகத்திடம் ஒப்பித்தார். குடியிருந்தவர்கள் ஒன்றுகூடி அவரை வேலையிலிருந்து அனுப்பி வைத்தார்கள். ஊரில் நான்கு பேர் ஒற்றுமையாக ஒரு காரியம் செய்ய அவரைப் போன்ற ஒருவர் தேவைப்படுகிறார்.

அந்தக் கட்டடத்தில் குடியிருந்த முனீரா மட்டும் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மாடியில் முனீராவின் துப்பறியும் நிறுவனம் இருந்தது. துவாஸ், ஜூரோங் பக்கத்துக் கம்பெனிகள்தான் வாடிக்கையாளர்கள். எம்சி என்கிற மருத்துவ விடுப்பை எடுத்துவிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் ஜேபியில் நண்டு சாப்பிடப் போகிறவர்கள், ஸ்டோரிலிருந்து செப்புக் கம்பியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள், இப்படிப்பட்ட ஆட்களைப் பின்தொடர்வதுதான் ரத்னவேலின் வேலை. அதைக் குறை சொல்லும்படி அவர் செய்ததில்லை. மெச்சும்படியும் செய்ததில்லை.

அப்போதுதான் மிஸ்டர் குவெக் வந்தார். துவாஸில் பெரிய குழாய்களுக்கு வால்வு செய்கிற கம்பெனியின் முதலாளி. டெண்டரில் அவர் என்ன விலை போட்டாலும், இரண்டு தெரு தள்ளியிருந்த போட்டிக் கம்பெனி அதைவிட ஒரு துளி குறைத்துப் போட்டு வேலையைத் தட்டிக்கொண்டு போனது. ஒரு தடவை என்றால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப நடந்தால் கம்பெனிக்குள்ளேயே யாரோ வாயைத் திறக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? விலைக் கணக்குப் பிரிவில் இருந்த வைதேகி மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. போட்டிக் கம்பெனியில் வேலை செய்கிற மங்களம் என்ற பெண்ணை அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேரர் பார்க் ரயில் நிலைய வாசலில் சந்திப்பதாக யாரோ வந்து ஓதியிருந்தார்கள். ஒரு பையும் கைமாறியதாம்.

"ரத்னம் அண்ணே, இது எம்சி கேஸ் இல்ல லா," என்றார் முனீரா. "அந்தப் பொண்ணு தமிழ்நாட்டுலேர்ந்து வேலை பாஸ்ல வந்தது. வேலை போச்சுன்னா பாஸும் போயிடும், மூட்டையைக் கட்டிட்டு ஊருக்குப் போகணும். நீங்க எழுதறதை வச்சுத்தான் அவர் முடிவு பண்ணப் போறார். யோசிச்சு எழுதுங்க."

"நான் யோசிக்காம எழுதினதே இல்ல மேடம்," என்றார் ரத்னவேல். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலைய வாசலில் உள்ள பெஞ்சில் அவர் தொப்பியும் தேநீருமாக உட்கார்ந்தார். கண்ட காட்சி அவருடைய ரத்தத்தைச் சூடாக்கியது. வைதேகி ஒரு பக்கமிருந்து வருவாள், மங்களம் இன்னொரு பக்கமிருந்து வருவாள். ஒரு வாரம் இவள் கையிலிருந்து மஞ்சள் பை அவள் கைக்குப் போகும். மறு வாரம் அதே பை திரும்பி வரும். உள்ளே ஏதோ வட்டமாக, கனமாக. இருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் மாட்டார்கள். பையைக் கொடுப்பது, வாங்குவது, விறைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போவது. சிநேகிதிகள் என்றால் சிரிக்க மாட்டார்களா? சொந்தக்காரர்கள் என்றால் யாரைப் பற்றியாவது குறை பேச மாட்டார்களா? இரண்டு தமிழ்ப் பெண்கள் லிட்டில் இந்தியா பக்கத்தில் சந்தித்துப் பேசாமல் போகிறார்கள் என்றால் அது குற்றமே தவிர வேறில்லை என்று ரத்னவேல் எழுதினார்.

அறிக்கையைப் படித்த மிஸ்டர் குவெக் துள்ளிக் குதித்தார். பைக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார்.

அந்தப் பை தானாகவே ரத்னவேலின் மடியில் வந்து விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வைதேகி வரத் தாமதமாயிற்று. மங்களம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், கடைசியில் நேராக ரத்னவேலிடம் நடந்து வந்தாள்.

"அங்கிள், நீங்க எப்பவும் இங்கதான உக்காந்திருக்கீங்க? எனக்கு அவசரமா போகணும். இந்தப் பையைக் கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு வந்து வாங்கிக்கும். குடுத்துடறீங்களா?"

ரத்னவேல் பையை வாங்கிக்கொண்டார். தன்னை அவள் பார்த்திருக்கிறாள் என்பது ஒரு அடி. சாட்சியமே மடியில் உட்கார்ந்திருக்கிறது என்பது ஒரு அதிர்ஷ்டம். அவள் தலை மறைந்ததும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜாலான் புசாருக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

பைக்குள் ஒரு எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் ரவா லட்டு.

முனீரா ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். டக் டக் என்று சத்தம் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உள்ள பென்டிரைவ் வச்சு உருட்டியிருப்பாங்களோ?" என்றார் ரத்னவேல். பேனாக் கத்தியால் கீறினார்கள், கத்தி மடங்கியது. ரத்னவேல் கடித்துப் பார்த்தார், கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமென்ட் பெயர்ந்து வந்தது. கடைசியில் கீழே ஹார்ட்வேர் கடைக்குப் போய்ச் சுத்தியல் இரவல் வாங்கி வந்தார். எதை உடைக்க என்று கடைக்காரர் கேட்டதற்கு, தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டார்.

ஒவ்வொன்றாக உடைத்தார்கள். ரவை, சர்க்கரை, முந்திரி, ஒரு ஏலக்காய்த் தோல். பென்டிரைவ் இல்லை, சிப் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உடைத்ததைக் குப்பையில் கொட்ட இருவருக்கும் மனம் வரவில்லை. ஊற வைத்துச் சாப்பிடலாம் என்று முனீரா காப்பி போட்டார்.

மறுநாள் முனீரா போன் செய்து, லட்டைத் தவிர ஒன்றுமில்லை என்று மிஸ்டர் குவெக்கிடம் சொன்னார். அந்த மனிதர், எத்தனை லட்டு என்று கேட்டார். பக்கத்திலிருந்த ரத்னவேல், கடமை தவறாதவராயிற்றே, பதினொன்று என்று பெருமையாகச் சொன்னார். போன டெண்டர் விலை பதினொன்றில்தான் ஆரம்பித்தது, ஆக இது சங்கேதம் என்றார் மிஸ்டர் குவெக். போன மாதம் அவரே போட்ட விலையைப் போட்டிக் கம்பெனிப் பெண் எதற்கு வைதேகிக்கே லட்டாக உருட்டி அனுப்ப வேண்டும் என்று முனீரா கேட்டதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் வைதேகியை அனுப்பிவிடப் போவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ரத்னவேலுக்கு அப்போது பெரிய கவலை டப்பா. வைதேகிக்குச் சந்தேகம் வராமல் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினார். அந்த அளவுக்குக் கெட்டியான லட்டு எங்கேயும் விற்கவில்லை. சலித்துப்போய் டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்து கழுவிக் கவிழ்த்தார்.

"யாரு டப்பாங்க இது?" என்று மனைவி விசாலாட்சி கேட்டாள்.

"அது ரகசியம், விசாலம். நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"ரகசியம் இருக்கட்டும். வெறுமனேவா குடுக்கப் போறீங்க?"

"வெறும் டப்பாதான?"

விசாலாட்சி அவரைப் பார்த்த பார்வையில் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த சலிப்பு மொத்தமும் இருந்தது. "பலகாரம் வந்த டப்பாவ வெறுமனே திருப்பி அனுப்பறதா? நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க? தள்ளுங்க அந்தப் பக்கம்." தேங்காயைத் துருவ உட்கார்ந்துவிட்டாள். அது நம் வீட்டு டப்பா இல்லை, நம் வீட்டுக்கு வந்த பலகாரமும் இல்லை, இது ஒரு குற்ற விசாரணை என்பதையெல்லாம் அவர் தேங்காய்ப் பர்பி தயாரான பிறகுதான் சொல்லி முடித்தார்.

மறுநாள் சாயங்காலம் ஜூரோங் வெஸ்டில் வைதேகி குடியிருந்த அடுக்குமாடி பிளாக்கின் கீழ்த்தளத்தில், அவள் வேலை முடிந்து வருகிற நேரத்தில், பையோடு நின்றார்.

"அந்த அம்மா ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

வைதேகி பையைப் பிரித்தாள், டப்பாவைத் திறந்தாள், அங்கேயே ஒரு துண்டை வாயில் போட்டாள். புருவம் சுருங்கியது. "இது அவங்க செஞ்சது இல்ல."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"பல்லு உள்ள போகுதே." இன்னொரு துண்டை எடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். "அது இருக்கட்டும் அங்கிள். நான் இங்க குடியிருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரத்னவேல் எத்தனையோ பேரைப் பின்தொடர்ந்திருக்கிறார். ஒருவர் கூடத் திரும்பி நின்று இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தயாராக வைத்திருந்த பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. உண்மைதான் வந்தது, அதுவும் முழுசாக வந்தது. தொப்பி, அறிக்கை, சுத்தியல், பதினொன்று, மாதக் கடைசி.

முதலில் அவள் சிரித்தாள். பிறகு அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அங்கிருந்த கல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே இன்னொரு பர்பி சாப்பிட்டாள். அவளும் மங்களமும் சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்களாம். பிறகு பெரிய சண்டை, பேச்சு வார்த்தை கிடையாது. சண்டை வந்த நேரத்தில் மங்களத்தின் டப்பா இவளிடம் இருந்தது. வெறுமனே கொடுக்கக் கௌரவம் இடம் தராமல் முறுக்கு வைத்துக் கொடுத்தாள். முறுக்கை எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டியதுதானே மங்களம்? எதிரியின் பண்டத்துக்குக் கடன்பட்டவளாக இருக்க அவளுக்கும் கௌரவம் இடம் தரவில்லை. லட்டு வைத்துத் திருப்பி அனுப்பினாள். "அன்னிலேர்ந்து ஓடிக்கிட்டிருக்கு அங்கிள். எனக்கும் கை வலிக்குது. ஆனா நான் எப்படி முதல்ல நிறுத்தறது?"

 காவலாளி உத்தியோகம் போன அன்றுகூட அவர் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. தன்னுடைய அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை, அத்தனையும் சேர்ந்து ஒரு பெரிய பொய் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அடுத்த நாளே முனீராவையும் அழைத்துக்கொண்டு துவாஸுக்குப் போனார். வைதேகியையும் அறைக்குக் கூப்பிட்டார்கள். மிஸ்டர் குவெக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது, இதற்கு ஏன் வாரா வாரம் சமைக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. கடைசியில் ஒரு வழி சொன்னார். இந்த ஞாயிற்றுக்கிழமை டப்பா வெறுமனே போகட்டும். வெறும் மரியாதைதான் என்றால் மரியாதையை ஒரு வாரம் நிறுத்தினால் யாரும் சாகப்போவதில்லை. தானே வந்து பார்ப்பார். உள்ளே ஒரு துரும்பு இருந்தாலும் திங்கட்கிழமை அவள் வேலைக்கு வர வேண்டியதில்லை.

"சரி சார்," என்றாள் வைதேகி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் மிஸ்டர் குவெக்கும் ரத்னவேலும் உட்கார்ந்தார்கள். மிஸ்டர் குவெக்கும் ஒரு தொப்பி வாங்கிப் போட்டிருந்தார். மறைந்திருந்து பார்க்க வந்த மனிதர், கைத்தொலைபேசி அடித்ததும் அதை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரைத் திருப்பிவிட்டு, அடுத்த டெண்டர் விலையைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திப் பேசினார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் அந்த விலை கொஞ்சம் அதிகம் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார். ரத்னவேல் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் வாசலில் இருந்தது.

வைதேகி வந்தாள். பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள் போல, நெற்றியில் குங்குமம். பை லேசாக ஆடியது; உள்ளே ஒன்றுமில்லை என்று ஆட்டத்திலேயே தெரிந்தது. மங்களமும் வந்தாள், கையை நீட்டினாள். வைதேகி பையை நீட்டவில்லை. நின்றாள், இரண்டடி பின்னால் போனாள், திரும்பி நின்றுகொண்டாள். கைப்பைக்குள் விரலை விட்டு மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, டப்பாவைத் திறந்து உள்ளே போட்டு மூடிவிட்டாள்.

"பார்த்தாயா," என்று மிஸ்டர் குவெக் எழுந்து ஓடினார்.  பாவிப் பெண்ணே, இன்றைக்கு ஒரு நாள் சும்மா இருக்கக் கூடாதா என்று மனதுக்குள் புலம்பிக்கொண்டே ரத்னவேலும் பின்னால் ஓடினார்.

மிஸ்டர் குவெக் டப்பாவைப் பிடுங்கித் திறந்து காகிதத்தைப் பிரித்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கற்கள். போதைப்பொருளுக்குத் தூக்குப் போடுகிற சிங்கப்பூரில், காகிதத்தில் மடித்த வெள்ளைப் பொருளைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். அவர் முகம் காகிதத்தைவிட வெளுத்தது. மங்களம் அவர் கையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடகடவென்று கடித்தாள்.

"கற்கண்டு," என்றாள் மங்களம். "கோயில் கற்கண்டு. இவ்வளவுதானா? முழு டப்பா லட்டுக்கு நாலு கற்கண்டா?"

அவர்கள் பேச்சை நிறுத்திய பிறகு அதுதான் முதல் வார்த்தை. வைதேகிக்கு அது போதுமாயிருந்தது.

"லட்டா அது? லட்டுன்னு நீங்கதான் சொல்லிக்கணும்."

"அன்னிக்கு நான் லட்டு செஞ்சு கொண்டு போன வளைகாப்புல, அத்தனை பேர் முன்னாடி நீங்க சொன்னீங்களே, மறப்பேனா? இந்த உருண்டைய உங்க கம்பெனி வால்வுக்குள்ள இரும்புக் குண்டுக்குப் பதிலா போடலாம்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். சொன்னதுக்காக வாரா வாரம் அதையே செஞ்சு அனுப்புவீங்களா?"

"தின்னு பாத்துட்டுத் திருந்துவீங்கன்னு பாத்தேன்."

பூக்கடைக்காரர் கையை நிறுத்திவிட்டார். மிஸ்டர் குவெக், என்ன சொல்கிறார்கள் என்று ரத்னவேலின் காதில் கேட்டார்.

"லட்டு கெட்டின்னு இவங்க சொல்றாங்க, சார். இல்லைன்னு அவங்க சொல்றாங்க."

"டெண்டர் பத்தி?"

"இன்னும் வரலை."

மங்களத்துக்கு டெண்டர் என்ற சொல் காதில் விழுந்தது. அவள் ஆங்கிலத்துக்கு மாறி மிஸ்டர் குவெக்கைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் விலையைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இவள் எதற்கு? துவாஸில் நீங்கள் மதியம் சாப்பிடுகிற கடையில்தான் எங்கள் மேனேஜரும் சாப்பிடுகிறார். ஸ்பீக்கரில் நீங்கள் கத்துகிற விலையைக் கேட்காமலிருக்க அவர் காதைப் பொத்திக்கொண்டா சாப்பிட முடியும்? இப்போதும் எதிர்க் கடையில் கத்தினீர்களே, ரயில் நிலையப் படிக்கட்டு வரை கேட்டது. விலையை அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள். பூக்கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

மிஸ்டர் குவெக் தொப்பியைக் கழற்றினார். காது மடல் வரை சிவந்துவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வழக்கம் போல வேலைக்கு வா என்று வைதேகியிடம் சொன்னார்.

"வராம பின்ன?" என்றாள் மங்களம். "அதை எதுக்குத் தனியாச் சொல்றார்?"

ரத்னவேல்தான் சொன்னார். டப்பா வெறுமனே போகாவிட்டால் வேலையும் போகும், பாஸும் போகும் என்று இருந்ததைச் சொன்னார். மங்களம் வைதேகி பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சேவா கற்கண்டு போட்டீங்க?"

"பின்ன? வெறும் டப்பாவ உங்க கையில குடுக்கச் சொல்றீங்களா? அதுக்கு வேலை போனாப் போகட்டும்."

மங்களத்தின் வாயில் கற்கண்டு கடிபடுகிற சத்தம் நின்றது. பையின் காதை முறுக்கினாள், அவிழ்த்தாள். ரயில் ஏற வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"போன வாரம் முந்திரி நிறையப் போட்டிருந்தேன்டி. எப்படி இருந்துச்சு?"

"எனக்கு எங்க கெடச்சுது? இந்த அங்கிள்தான் எல்லாத்தையும் உடைச்சுத் தின்னுட்டாரு."

இருவரும் ரத்னவேலைப் பார்த்தார்கள். பொய் சொல்ல வேண்டிய இடம் அது, அன்றைக்கு மாதிரியே மனுஷனுக்கு வாயில் வரவில்லை.

"நல்லாத்தான்மா இருந்துச்சு," என்றார். "என்ன, கொஞ்சம் கெட்டி."

வைதேகி இடுப்பில் கையை வைத்தாள். "பாத்தியாடி, அடுத்தவங்க டப்பாவத் தூக்கிட்டுப் போய் ஓசியில தின்னுட்டு, நொட்டை வேற சொல்றாரு."

"அதானே. எங்க வீட்டு லட்டுக்கு என்ன குறைச்சலாம்?"

மிஸ்டர் குவெக் மறுபடியும் அவர் தோளைத் தட்டி, இப்போது என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"தப்பு என் மேலயாம், சார்," என்றார் ரத்னவேல்.